ஒரு குமாஸ்தா வேலைக்காக: ராமானுஜன் வேலை தேடிய வருடங்கள்

1912 பிப்ரவரி 9. திருவல்லிக்கேணி, சம்மர் ஹவுஸ், 7ஆம் எண் என்ற முகவரியிலிருந்து சென்னை போர்ட் டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் போகிறது. தங்கள் அலுவலகத்தில் குமாஸ்தா இடம் ஒன்று காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன், அதற்கு விண்ணப்பிக்கிறேன். மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சில பாதகமான சூழ்நிலைகளால் மேலே படிக்க முடியாமல் போனது. ஆனாலும் என் நேரம் முழுவதையும் கணிதத்திலேயே செலவிட்டு அதை வளர்த்து வருகிறேன். வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்வேன் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்தக் கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். கீழே கையெழுத்து எஸ். ராமானுஜன். வயது 24.

வேலை போய் பதினான்கு மாதம் வீட்டில் இருந்தபோது இந்தக் கடிதத்தை நான் எத்தனையோ முறை படித்தேன். ராமானுஜன் என்றதும் நம் எல்லாருக்கும் ஞாபகம் வருவது கேம்பிரிட்ஜும் ஹார்டியும் 1729ஆம் எண்ணும்தான். அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், அதை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. எனக்கு வேண்டியிருந்தது அதற்கு முந்தைய பகுதி: படிப்பில் தோற்று, கையில் பட்டம் இல்லாமல், கல்யாணமும் ஆகி, மாதம் இருபதோ முப்பதோ கொடுக்கும் ஒரு வேலைக்காக ஊர் ஊராக, வீடு வீடாக ஏறி இறங்கிய பையனின் கதை. கணித மேதையின் வாழ்க்கை நமக்கு எதற்கு உதவும் என்று கேட்கலாம், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வேலை தேடிய அந்த வருடங்களில் அவரை யாரும் மேதையாகப் பார்க்கவில்லை. கும்பகோணத்தில் அவர் எஃப்.ஏ. ஃபெயிலான ஒரு பையன், அவ்வளவுதான்.

வீட்டு நிலைமை

அப்பா சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் கணக்கு எழுதினார், மாதம் ஏறத்தாழ 20 ரூபாய். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடி ஏதோ கொஞ்சம் கொண்டுவருவார், அது போதாமல் வெளியூர்ப் பையன்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டு அதிலும் கொஞ்சம் வரும். சாரங்கபாணி சன்னதித் தெருவில் வீடு. அந்த வீட்டின் ஒரே நம்பிக்கை மூத்த பையனின் படிப்பு. டவுன் உயர்நிலைப் பள்ளியில் பரிசு வாங்கி, 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரிக்கு உதவித்தொகையோடு போனவர், கணக்கைத் தவிர வேறு எதையும் தொடாததால் உதவித்தொகையை இழந்தார். 1905இல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் ஓடிப்போய்த் திரும்பியதும் உண்டு. 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி சேர்ந்தார், உடம்பு படுத்தியது, தேர்வில் தோல்வி. 1907இல் திரும்பவும் எழுதினார், திரும்பவும் தோல்வி. கணக்கில் பிரமாதம், உடலியல் மாதிரிப் பாடங்களில் படுமோசம். எஃப்.ஏ. என்பது பள்ளி முடித்து இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பின் முடிவில் எழுதுவது, அதைத் தாண்டினால்தான் பி.ஏ. அந்தக் காலத்தில் பட்டம் இல்லாத பிராமணப் பையனுக்கு ஒரு நல்ல அரசாங்க உத்தியோகம் என்பது கனவு. அப்படியாக 1907 முடியும்போது, இருபது வயதில், எல்லாக் கதவும் ஒரே சமயத்தில் மூடியது.

அடுத்த ஒன்றரை வருடம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அந்த வருடங்களின் கொடுமையும். வீட்டுத் திண்ணையில் சம்மணம் போட்டு, மடியில் பெரிய சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போவார்கள். டியூஷன் எடுத்துப் பார்த்தார். பி.ஏ. தேர்வுக்கு நுண்கணிதம் வேண்டும் என்று ஒரு கல்லூரி மாணவர் வந்தார், இரண்டே வாரம்தான் நின்றார். பாடத்திட்டத்தில் இருப்பதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு நிறுத்த ராமானுஜனுக்குத் தெரியவில்லை, பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் முடிவிலியில் போய் நிற்கும். தேர்வில் பாஸாக வேண்டிய பையன் என்ன செய்வான், பாவம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வேலை இல்லாதவனுக்குத் திண்ணை எவ்வளவு கனமான இடம் என்பது உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். என் விஷயத்தில் அது ஹாலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் லேப்டாப். பால்காரர் பார்ப்பார், பக்கத்து வீட்டு அத்தை பார்ப்பார், "லீவா தம்பி?" என்பார். முதல் மாதம் ஆமாம் என்பேன், நான்காவது மாதத்தில் அவரே கேட்பதை நிறுத்திவிட்டார், அதுதான் இன்னும் வலித்தது. ராமானுஜனும் அந்தத் திண்ணையில் மாதக்கணக்கில் இருந்தார், ஆனால் வெறுமனே இல்லை. நோட்டுப்புத்தகம் வளர்ந்துகொண்டே இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாகத் தேற்றங்கள், பெரும்பாலும் நிரூபணம் எழுதாமல் முடிவை மட்டும் எழுதிவைத்தது. பின்னால் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் அக்குளில் இடுக்கிக்கொண்டு போக அந்த நோட்டு இருந்தது. அது மட்டும் இல்லையென்றால் அடுத்து வரும் எதுவும் நடந்திருக்காது என்பது என் கணிப்பு.

கல்யாணமும் ஒரு ஆபரேஷனும்

1909 ஜூலை 14 அன்று கல்யாணம். பெண் பார்த்தது, பேசி முடித்தது எல்லாம் கோமளத்தம்மாள். மணப்பெண் ஜானகி அப்போது சின்னஞ்சிறு பெண், குளித்தலைப் பக்கம் ராஜேந்திரம் கிராமம். வேலை இல்லாத பையனுக்குக் கால்கட்டுப் போட்டால் பொறுப்பு வரும் என்பது நம் வீடுகளில் இன்றும் போகாத நம்பிக்கைதானே. பொறுப்பு வந்ததோ இல்லையோ, அழுத்தம் வந்தது. அதோடு உடம்பும் மக்கர் செய்தது. விரைவீக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், வீட்டில் காசு இல்லை, மாதக்கணக்கில் தள்ளிப்போய், கடைசியில் 1910 ஜனவரியில் ஒரு மருத்துவர் பணம் வாங்காமலே செய்துகொடுத்தார்.

சென்னையில் நண்பர்கள் வீடுகளில், மாணவர் விடுதி அறைகளில் ஒண்டிக்கொண்டு, டியூஷன் கிடைக்குமா என்று அலைந்ததும் இந்த நாட்களில்தான். ஒரு தடவை மிகவும் முடியாமல் போய், பழைய நண்பர் ஒருவர் தன் இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு, மருத்துவர் சொன்னபடி கும்பகோணத்துக்கு ரயிலேற்றி அனுப்பினார். புறப்படும்போது ராமானுஜன் இரண்டு பெரிய நோட்டுப்புத்தகங்களை அந்த நண்பர் கையில் கொடுத்தார். நான் செத்துப்போனால் இவற்றைப் பச்சையப்பன் கல்லூரி சிங்காரவேலு முதலியாரிடமோ கிறித்துவக் கல்லூரியின் ராஸ் என்ற பேராசிரியரிடமோ சேர்த்துவிடு என்றார். எனக்குத் தொண்டை அடைக்கும் இடம் இது. அந்த நிலைமையிலும் நோட்டு யார் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் மனதில் தெளிவாக இருந்திருக்கிறது, இரண்டாவது பெயரும் சேர்த்து.

திருக்கோவிலூர்

உடம்பு தேறியதும், 1910 கடைசியில், விழுப்புரம் வழியாகத் திருக்கோவிலூர் போகிறார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். 1907இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர், அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார். கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை, தாலுகா அலுவலகத்திலோ எங்காவதோ ஒரு குமாஸ்தா வேலை. ராமசாமி ஐயர் நோட்டைப் புரட்டினார். அதில் இருந்ததைப் பார்த்து அசந்துபோனதாகவும், இந்த ஆளை வருவாய்த் துறையின் அடிமட்டத்தில் ஒரு வேலையில் போட்டு அமுக்கிவிட மனம் வரவில்லை என்றும் பின்னாளில் அவரே சொன்னார். ஆக, வேலை இல்லை.

இதை ராமானுஜன் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். கடன் வாங்கியோ யாரோ கொடுத்தோ ரயில் கட்டணம் கட்டி, ஒரு ஐயாவைப் பார்க்கப் போகிறீர்கள். அவர் உங்களை வாயாரப் புகழ்கிறார், ஆனால் வேலை தரவில்லை. "நீங்க இந்த ரோலுக்கு ரொம்ப ஓவர் குவாலிஃபைடு" என்ற பதிலை நான் நான்கு முறை வாங்கியிருக்கிறேன், அதைவிட "வேணாம் போ" என்று சொல்லியிருக்கலாம் என்று தோன்றும். ஆனால் ராமசாமி ஐயர் புகழ்ந்ததோடு நிறுத்தவில்லை, சென்னைக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அது போய்ச் சேர்ந்த இடம் பி.வி. சேஷு ஐயர், முன்பு கும்பகோணம் கல்லூரியில் இருந்து அப்போது மாநிலக் கல்லூரிக்கு வந்திருந்த கணிதப் பேராசிரியர், ராமானுஜனை ஏற்கெனவே அறிந்தவர். அவரும் வேலை தரவில்லை, தரும் இடத்திலும் இல்லை. அவர் வழி காட்டியது ஆர். ராமச்சந்திர ராவிடம். நெல்லூர் கலெக்டர், கணிதச் சங்கத்தின் செயலாளர்.

இந்த வரிசைதான் இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த முக்கியமான விஷயம். திருக்கோவிலூரில் "இல்லை", ஆனால் ஒரு கடிதம். சென்னையில் "என்னால் முடியாது", ஆனால் ஒரு பெயர். நாம் விடாமுயற்சி என்றால் ஒரே கதவை விடாமல் இடிப்பது என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான், நவுக்ரியில் ஒரு நாளைக்கு முப்பது விண்ணப்பம் தட்டிவிட்டு இன்று நன்றாக உழைத்தேன் என்று படுத்துக்கொள்வேன். ராமானுஜன் போன ஒவ்வொரு இடத்திலும் வேலை இல்லை என்ற பதிலோடு கூடவே அடுத்த ஆளின் பெயரும் வந்தது. ஐந்தாவது மாதம் நான் என் எக்செல் தாளில் ஒரு புதிய பத்தி சேர்த்தேன், "அடுத்து யார்?" என்று தலைப்பு. நேர்முகத்தில் வேண்டாம் என்று சொன்னவரிடம், சரி சார், இந்த வேலைக்கு வேறு யாரைப் பார்க்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று கேட்பேன். முதல் தடவை கேட்கும்போது குரல் நடுங்கியது. பாதிப்பேர் பதில் சொல்லவில்லை, மீதிப்பேர் சொன்னார்கள், இன்று நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அந்த மீதியில் ஒருவர் சொன்ன பெயர் வழியாக வந்தது.

சங்கிலி அறுந்த இடங்களும் உண்டு. சைதாப்பேட்டையில் ஆசிரியர் கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் வீட்டுக்குப் போய், உங்கள் வெள்ளைக்கார மேலதிகாரியிடம் சொல்லி எந்தக் குமாஸ்தா வேலையானாலும் வாங்கித் தாருங்கள், சம்பளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்று கேட்டார். அவர் காபி கொடுத்தார், நோட்டை வாங்கிப் பார்த்தார், புரியவில்லை. சிபாரிசு செய்யும் அளவுக்குச் செல்வாக்கு அவருக்கும் இல்லை. அத்தோடு சரி. இப்படி எத்தனை வீடுகளில் காபி குடித்துவிட்டு நோட்டை மூடி எடுத்துக்கொண்டு இறங்கியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். விக்டோரியா மாணவர் விடுதியில் ஒரு நண்பரின் அறையில் தங்கியிருந்த நாட்களில் மனம் விட்டுப் புலம்பியதையும் அந்த நண்பர் பின்னால் பதிவு செய்திருக்கிறார். வறுமையிலேயே செத்துவிடுவேன் போலிருக்கிறது என்ற புலம்பல். அதனால் அவர் சோர்ந்தே போகவில்லை என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். சோர்ந்தார், அழுதார், மறுநாள் காலையில் எழுந்து யாரையாவது பார்க்கக் கிளம்பினார்.

கலெக்டர் வீட்டில்

1910 டிசம்பர் வாக்கில் ராமச்சந்திர ராவைச் சந்திக்கிறார். அந்தச் சந்திப்பைப் பற்றி ராவ் எழுதியது பிரபலம்: குட்டையான, பருத்த, மழிக்காத முகம், அவ்வளவு சுத்தமாகவும் இல்லாத ஒரு உருவம், கண்கள் மட்டும் பளபளக்க, கிழிந்துபோன நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. உனக்கு என்னப்பா வேண்டும் என்று கேட்டாராம். ஆராய்ச்சியைத் தொடரும் அளவுக்கு வயிற்றைக் கழுவ ஏதாவது கிடைத்தால் போதும் என்றாராம் ராமானுஜன்.

ஒரே சந்திப்பில் காரியம் முடியவில்லை. ராவ் படித்தவர், கணிதம் தெரிந்தவர்தான், ஆனால் நோட்டில் இருந்தது அவருக்குப் பிடிபடவில்லை. உண்மையிலேயே சரக்கு இருக்கிறதா, இல்லை ஆள் ஏமாற்றுகிறாரா என்ற சந்தேகம் அவருக்கு இருந்தது, அதில் தப்பும் இல்லை. இடையில் ராமானுஜன் பம்பாயில் சல்தானா என்ற பேராசிரியரோடு நடத்திய கடிதப் போக்குவரத்தையும் கொண்டுவந்து காட்டினார். கடைசியில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். எதிரில் இருப்பவருக்கு எட்டவில்லை என்று புரிந்துகொண்டு, தன் முடிவுகளில் எளிமையானவற்றை முதலில் எடுத்துக் காட்டினார். அவையே புத்தகங்களில் இருப்பதைத் தாண்டியிருந்தன, ராவுக்கு நம்பிக்கை வந்தது. அங்கிருந்து படிப்படியாக நீள்வட்டத் தொகையீடுகள், மீப்பெருக்குத் தொடர்கள், அப்புறம்தான் உலகுக்கே அறிவிக்காத விரியும் தொடர்கள். அப்போதுதான் ராவ் முழுவதும் சாய்ந்தார்.

டியூஷனில் இரண்டு வாரத்தில் மாணவனை ஓடவிட்ட அதே ஆள் இவர். ஒன்றிரண்டு வருடத்துக்குள் கேட்பவரின் உயரத்துக்கு இறங்கிவந்து பேசக் கற்றிருக்கிறார். வீடு வீடாகப் போய் நோட்டை விரித்து, புரியாத முகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இது வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அப்போது பயனில்லாததாகத் தெரிந்த அந்தக் காபி வீடுகள் எல்லாம் இந்த இடத்தில் கைகொடுத்தன. என் ரெஸ்யூமேயின் முதல் பக்கம் முழுக்க நான் செய்ததிலேயே கடினமான வேலையைத்தான் வைத்திருந்தேன், படிக்கும் எச்.ஆர். பெண்ணுக்கு அதில் ஒரு வரியும் புரிந்திருக்காது. அதைப் பின்னால் தள்ளி, எல்லாருக்கும் புரியும் ஒரு சின்ன வேலையை மேலே வைத்த பிறகுதான் அழைப்புகள் வரத் தொடங்கின.

ராவ் மாதம் 25 ரூபாய் அனுப்பத் தொடங்கினார். ராமானுஜன் திருவல்லிக்கேணியில் தங்கினார், கணிதச் சங்கத்தின் இதழில் கேள்விகள் போட்டார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம் என்று முடிவில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும் ஒரு கோவையின் மதிப்பு என்ன என்பது ஒரு கேள்வி. மூன்று இதழ் வரை யாரும் விடை அனுப்பவில்லை, விடை 3 என்று அவரே சொன்னார். 1911இல் அதே இதழில் பெர்னூலி எண்கள் பற்றிய முதல் கட்டுரை வந்தது, அதுவும் பதிப்பாசிரியரிடமிருந்து மூன்று முறை திரும்பி வந்து திருத்தப்பட்ட பிறகு. அவர் எழுத்து அவ்வளவு சுருக்கமாக, பழக்கமில்லாதவருக்குப் பின்தொடர முடியாததாக இருந்தது. மூன்று முறை திருப்பி அனுப்பியவர் ஒதுக்கித் தள்ளவில்லை, திருத்தி வாங்கினார். அதையும் கவனிக்க வேண்டும்.

25 ரூபாயை விட்டது

உதவித்தொகை எதற்காவது ஏற்பாடு செய்ய முயன்றார்கள், ஒன்றும் அமையவில்லை. மாதா மாதம் ஒருவர் தயவில் வரும் பணத்தில் உட்கார்ந்து சாப்பிட ராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. பாரமாக இருக்க விரும்பாமல் மறுபடி வேலை தேடத் தொடங்கினார். சிலருக்கு இது வீம்பாகப் படலாம். எனக்கு அப்படிப் படவில்லை. மச்சான் மாதா மாதம் என் கணக்கில் போட்ட பணத்தை நான் வாங்கியிருக்கிறேன், அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, இருந்தும் ஒவ்வொரு முதல் தேதியும் செல்போனில் அந்த மெசேஜ் சத்தம் கேட்கும்போது உடம்பு கூசும்.

1912 தொடக்கத்தில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் தற்காலிக வேலை, மாதம் 20 ரூபாய். ராவ் கொடுத்ததைவிட ஐந்து ரூபாய் குறைவு, அதுவும் சில வாரம்தான். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே இருக்கும்போதே, பிப்ரவரி 9 அன்று, நான் முதலில் சொன்ன விண்ணப்பத்தை எழுதினார்.

அந்தக் கடிதத்தை இன்னொரு முறை பாருங்கள். 1907 முதல் 1912 வரை நான்கு வருடத்துக்கு மேல் இடைவெளி. இரண்டு கல்லூரி, இரண்டு தோல்வி. அதற்கெல்லாம் அவர் கொடுத்தது ஒரே ஒரு வாக்கியம், "சில பாதகமான சூழ்நிலைகளால்". பொய் இல்லை, மறைக்கவும் இல்லை, எஃப்.ஏ. தேறினேன் என்று எழுதவில்லை, வரை படித்தேன் என்றுதான் எழுதினார். அடுத்த வாக்கியமே அந்த இடைவெளியில் தான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது. நான் என் இடைவெளியை விளக்க ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன், கம்பெனி எப்படி ஆட்குறைப்பு செய்தது, அதில் என் தவறு எதுவும் இல்லை, என் மேலாளரே வருத்தப்பட்டார், இப்படி. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு வாக்கியம் எழுதினேன். ஒன்று ஏன் நின்றது, இன்னொன்று நின்ற நாட்களில் என்ன செய்தேன். அதற்கு மேல் யாரும் கேட்கவும் இல்லை.

விண்ணப்பத்தோடு ஒரு சிபாரிசுக் கடிதமும் போனது, மாநிலக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதியது. கணிதத்தில் அசாதாரணத் திறமை உள்ள இளைஞர் என்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை, கூட்டல் பெருக்கலில் இயல்பான கைவாகு உண்டு, கணக்கு வேலையில் வெகு வேகம் என்றும் எழுதினார். வேலை கணக்குப் பிரிவில். அங்கே வேண்டியதைச் சொல்லும் வரி அது. நமக்காகச் சிபாரிசு எழுதச் சம்மதிப்பவரிடம் எந்த வேலைக்குப் போகிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டதும் இதிலிருந்துதான்.

1912 மார்ச் 1, வேலை கிடைத்தது. போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவு, மூன்றாம் வகுப்பு நான்காம் நிலை குமாஸ்தா, மாதம் 30 ரூபாய்.

சொல்லாமல் விடக் கூடாத ஒன்று

இந்தச் சங்கிலியில் வந்த பெயர்களைத் திரும்பப் பாருங்கள். ராமசாமி ஐயர், சேஷு ஐயர், ராமச்சந்திர ராவ், இனி வரப்போகும் போர்ட் டிரஸ்ட் மேலதிகாரி நாராயண ஐயர். அன்றைய சென்னை மாகாணத்தில் கல்லூரியும் கலெக்டர் ஆபீஸும் கணிதச் சங்கமும் யார் கையில் இருந்தன என்பது தெரிந்ததே. ராமானுஜன் பரம ஏழை, அது உண்மை. ஆனால் முன்பின் தெரியாத ஒரு டெபுடி கலெக்டரின் வீட்டுத் திண்ணை வரை ஏறிப்போய் நோட்டை விரிக்க முடிந்தது, உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். அதே திறமையோடு அதே வருடத்தில் ஒரு சேரிப் பையனோ ஒரு பெண்ணோ அந்த வாசல்களில் நின்றிருக்க முடியுமா? வாசலுக்கே வந்திருக்க முடியாது. அதனால் "ராமானுஜன் மாதிரி விடாமல் முயற்சி செய்" என்று வேலை இல்லாத பிள்ளையிடம் சொல்லும் முன், அந்தப் பிள்ளைக்கு முதல் கடிதத்தைக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, என்னிடம் கேட்டு வரும் யாரையும் குறைந்தது ஒரு பெயராவது சொல்லாமல் அனுப்புவதில்லை. நண்பர்கள் அலுத்துக்கொள்கிறார்கள், பரவாயில்லை.

துறைமுகத்தில்

வேலை கிடைத்ததும் தேடல் முடிந்துவிட்டது என்று நினைத்தால் அதுவும் இல்லை. ராமானுஜன் ஜார்ஜ் டவுன் பக்கம் சைவ முத்தையா முதலி தெருவில் குடியேறினார், அம்மாவும் ஜானகியும் வந்து சேர்ந்தார்கள். கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து இப்போதுதான் குடும்பம் என்று ஒன்று. ஆபீஸில் வேலை முடிந்த நேரத்தில் துறைமுகத்தில் கிடக்கும் பார்சல் சுற்றும் காகிதத்தை எடுத்து அதில் கணக்குப் போடுவார். வெள்ளைத் தாள் வாங்கிக் கட்டுப்படியாகாது என்பதால் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்து அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றுவது முன்பே இருந்த பழக்கம்.

மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயர் கணிதச் சங்கத்தின் பொருளாளர். மாலையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்காருவார்கள். உன் இரண்டு வரிக்கு நடுவில் இன்னும் பத்து வரி எழுது, எனக்கே புரியவில்லை என்றால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும் என்று அவர் நச்சரித்துக்கொண்டே இருப்பாராம். ஒரு மேலதிகாரி தன் குமாஸ்தாவிடம் இப்படிக் கேட்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை. போர்ட் டிரஸ்ட் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காதுக்கு விஷயத்தைக் கொண்டுபோனதும் அவர்தான்.

அங்கிருந்து சங்கிலி கடல் தாண்டியது. பொறியியல் கல்லூரியின் கிரிஃபித் லண்டனில் இருந்த ஹில் என்ற பேராசிரியருக்கு எழுதினார், ஹில் புத்திமதி சொல்லிப் பதில் எழுதினார், ஏற்றுக்கொள்ளவில்லை. கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பெரிய பேராசிரியர்களிடமிருந்தும் ஒரு உதவியும் வரவில்லை. 1913 ஜனவரி 16 அன்று அதே கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஜி.எச். ஹார்டிக்கு ராமானுஜன் எழுதிய கடிதம் எப்படித் தொடங்கியது தெரியுமா? சென்னை போர்ட் டிரஸ்ட் அலுவலகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுன் மட்டும் சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்று என்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறேன் என்று. அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த வேலைதான் அந்தக் கடிதத்தில் அவரது முகவரி. இம்முறை பதில் வந்தது.

அந்த வருடம் பிப்ரவரியில் வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது ராமானுஜனின் வேலையைப் பார்த்துவிட்டு, சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சிபாரிசு செய்தார். முதுகலைப் பட்டம் இருந்தால்தான் ஆராய்ச்சி உதவித்தொகை என்பது விதி, இவர் எஃப்.ஏ.கூடத் தேறாதவர். விதியைத் தாண்டிக் கொடுத்தார்கள். 1913 மே மாதத்திலிருந்து மாதம் 75 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. அலுவலகம் போக வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்ன செய்தேன் என்று ஒரு அறிக்கை மட்டும் தர வேண்டும். ஆகஸ்டில் முதல் அறிக்கை போனது. அதில் இருந்தது சில தொகையீடுகளைக் கண்டுபிடிக்கும் ஒரு முறை. நோட்டுகளில் ஏற்கெனவே இருந்ததுதான், இம்முறை நடுவில் வரவேண்டிய வரிகளையும் சேர்த்து எழுதிப் பார்த்திருந்தார்.